காதில் ஓடிய அரக்கு இழை

பேய், ஆவி, செய்வினை என்று எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. இப்படிச் சொல்லித்தான் எல்லாரும் ஆரம்பிப்பார்கள் என்று எனக்கும் தெரியும், ஆனால் என் விஷயத்தில் அது உண்மை, நான் என்ன செய்ய. செய்யார் கம்பெனியில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு, கம்பெனி பஸ் இறக்கிவிடுகிற இடத்திலிருந்து சுடுகாட்டு ஓரமாகவே வீட்டுக்கு நடந்து வருகிறவன் நான், ஒரு நாளும் ஒரு இலைகூட எனக்காகத் தனியாக அசைந்ததில்லை. கோயிலுக்கும் போவதில்லை. படவேட்டுக்குப் பக்கத்தில் பிறந்துவிட்டு ரேணுகாம்பாளைக் கும்பிடாதவன் என்று எங்கள் சொந்தக்காரர்களுக்கு என்மேல் எரிச்சலே உண்டு. அப்படிப்பட்டவனுக்குத்தான் இது நடந்தது, அதுவும் ராத்திரியில் இல்லை, ஞாயிற்றுக்கிழமை காலையில், நல்ல வெயிலில், ஸ்பீக்கரில் பாட்டு அலறிக்கொண்டிருக்க, ஊரே குடும்பம் குடும்பமாகக் கூடியிருந்த தெருவில். நம்பினால் நம்புங்கள். நம்ப வைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

முதலில் என் மனைவியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மேகலா. ஆரணியில் கோட்டை மைதானத்துக்குப் பக்கத்துப் பழைய தெரு ஒன்றில், பட்டு நெசவுக்காரர் வீட்டில் பிறந்தவள். நான் நிலம் இல்லாத கூலிக்காரர் வீட்டில் பிறந்தவன். எங்கள் ஆட்கள் அந்தத் தெருவுக்குள் போவதென்றால் அரிசி மூட்டை இறக்கப் போவார்கள், இறக்கியதும் திரும்பி வருவார்கள், தண்ணீர் வேண்டுமென்றால் தெருக்குழாயில் குடித்துக்கொள்வார்கள். நாங்கள் ரிஜிஸ்தர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்ட அன்றைக்கே அவள் அப்பா கிணற்றடியில் உட்கார்ந்து தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, எனக்கு மகளே கிடையாது என்று தலைமுழுகிவிட்டார். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை.

தறியில் ஒரு பாவு, அதாவது நீளவாக்கில் கட்டுகிற இழைகள், நெய்து தீரும்போது அதைச் சுத்தமாக அறுத்து எடுத்துவிட மாட்டார்கள். பழைய பாவின் நுனியை விட்டுவைத்து, புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் அதோடு சேர்த்து, விரலில் சாம்பலைத் தொட்டுத் தொட்டு முறுக்கிப் பிணைப்பார்கள். பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் செய்கிற வேலை. மேகலா அதில் கெட்டிக்காரி, ஆனால் இடதுகைக்காரி. எல்லார் முறுக்கும் ஒரு பக்கமாக ஓடினால் அவள் முறுக்கு மட்டும் எதிர்ப்பக்கமாக ஓடும், அதைச் சொல்லிச் சொல்லியே அவள் அண்ணன் தரணி கிண்டல் செய்வானாம். வீட்டை விட்டு வருவதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் அரக்கு நிறத்தில் ஒரு பாவைப் பிணைத்து முடித்திருந்தாள். தலைமுழுகிய ஈரம் காய்வதற்குள், அவள் கை பட்ட பாவு என் வீட்டில் ஓடக் கூடாது என்று சொல்லி அப்பா அதைத் தறியிலேயே அறுத்து, தரணியிடம் கொடுத்து வெந்நீர் அடுப்பில் போடச் சொல்லிவிட்டார். ஓடுகிற பாவை அறுப்பது என்பது கதிர் முற்றிய வயலில் நெருப்பு வைப்பது மாதிரி. எதிர்வீட்டு சுமதி, மேகலாவோடு படித்தவள், போன் போட்டுச் சொன்னாள். தலைமுழுகியதைக் கேட்டு அழாதவள் இதைக் கேட்டு அழுதாள். நூலுக்குப் போய் அழுகிறாளே என்று எனக்கு அன்றைக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

யாழினி பிறந்த பிறகு காது குத்தலாம் என்று நான் சொன்னபோது மேகலா ஒரே பிடியாக நின்றாள். "எங்கண்ணன் மடியில உக்கார வெச்சுதாங்க குத்தணும். கோவம் தீந்து ஒரு நாள் வருவான், பாத்துகினே இருங்க" என்றாள். தாய்மாமன் மடி, தட்டு, சீர் எல்லாம் எனக்கு வேடிக்கை. இருந்தாலும் அவள் ஆசை என்று விட்டுவிட்டேன். குழந்தைக்கு ஒரு வயசு ஆவதற்குள் மேகலா காய்ச்சல் என்று படுத்தாள், எழுந்திருக்கவில்லை.

செத்துப்போன பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடிப் புடவை வர வேண்டும், அது வந்த பிறகுதான் எடுப்பார்கள். ஆள் அனுப்பினேன். வெயில் ஏறுகிற வரைக்கும் பாடையைக் கட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தோம். வரவில்லை. ஊர் உலகத்துக்கெல்லாம் முகூர்த்தப் பட்டு நெய்கிற வீடு, பெற்ற பெண்ணுக்கு ஒரு முழம் துணி போடவில்லை. என் அக்கா கடைத்தெருவில் வாங்கி வந்த நூல் புடவையில்தான் அவளைக் கொண்டுபோனோம். இதை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்.

அதனால் யாழினிக்கு இரண்டாம் வகுப்பு போகிற வரைக்கும் காது குத்தவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவளை ஆம்பளப் பையன் என்று கேலி செய்தார்கள். நகைக்கடையில் ஒரு நிமிஷத்தில் குத்திவிடுவார்கள், எனக்குத் தெரியும். ஆனால் மேகலா என்னிடம் கேட்டது அது ஒன்றுதான், அதையும் நானே முறிக்க வேண்டுமா என்று தள்ளிக்கொண்டே வந்தேன். யாழினியும் விவரம் தெரிந்ததிலிருந்து, "மாமா எப்பப்பா வருவாரு, எனக்கு எப்ப தோடு?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். தரணி இருப்பது இதே ஆரணியில், எங்கள் வீட்டிலிருந்து வண்டியில் ஐந்து நிமிஷம் என்று குழந்தையிடம் எப்படிச் சொல்வது.

பொங்கல் முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பழைய தெருவிலேயே தெருத்திருவிழா என்று அறிவித்தார்கள். வண்டி வாகனத்தை நிறுத்திவிட்டு, தெரு முழுக்கப் பம்பரம், பல்லாங்குழி, சிலம்பம், கூழ், பஞ்சுமிட்டாய், மேடையில் டான்ஸ், இப்போது எல்லா ஊரிலும் நடத்துகிறார்களே, அதுதான். பள்ளிக்கூடத்திலேயே சொல்லிவிட்டிருந்தார்கள், குடும்பத்தோடு வர வேண்டும் என்று. யாழினி ஒற்றைக் காலில் நின்றாள். நான் கூட்டிப்போனேன். அவளுக்காக மட்டும் போனேன் என்று சொன்னால் பொய். அச்சு அசல் மேகலா முகம் அவளுக்கு. அந்த முகத்தைத் தன் தெருவில், தன் வாசலில் பார்த்தால் தரணிக்குக் கொஞ்சமாவது இளகாதா, அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார், இனி யாருக்குப் பயம் என்று எனக்குள் ஒரு நப்பாசை. காலையில் நானே அவளுக்குத் தலை சீவி, காது நன்றாகத் தெரிகிற மாதிரி இரட்டைச் சடை போட்டேன். கோணலாகத்தான் வந்தது.

தெரு முனையில் பெரிய பேனர், 'ஒரே தெரு, ஒரே குடும்பம்' என்று. எனக்குச் சிரிப்பு வந்தது. அதன் கீழே யாழினியை நிற்க வைத்து ஒரு செல்ஃபி எடுத்தேன், அந்தப் படம் இன்னும் போனில் இருக்கிறது, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். பேனரைத் தாண்டியதும் வரவேற்புக் கமிட்டி. நடுவில் தரணி, பட்டு வேட்டி, கழுத்தில் தொங்குகிற அட்டை, கையில் கற்கண்டுத் தட்டு. வருகிற பிள்ளைகளின் கன்னத்தைத் தட்டித் தட்டிக் கற்கண்டு கொடுத்துக்கொண்டிருந்தான். யாழினி வரிசையில் நின்று கையை நீட்டினாள். தரணி அவளைப் பார்த்தான். பார்த்தான் என்று நான் சத்தியம் செய்வேன், அவன் கண் அவள் முகத்தில் ஒரு நிமிஷம் மாட்டிக்கொண்டு நின்றது. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தான். பார்த்துவிட்டு, நீட்டிய அந்தக் கையைத் தாண்டி, பின்னால் நின்ற பிள்ளையின் கையில் கற்கண்டைப் போட்டான்.

"ஏம்பா எனக்கு மட்டும் தரல?"

"அவருக்குக் கண்ணு தெரியலம்மா. வா, நம்ம பஞ்சுமிட்டாய் வாங்கலாம்."

வேறு என்ன சொல்ல. அப்போதே திரும்பியிருக்கலாம். ஆனால் பொது விழா, எனக்கும் இந்த ஊரில் வாக்கு இருக்கிறது, நான் ஏன் திரும்ப வேண்டும் என்று ஒரு வீம்பு.

தெருவின் உள்பக்கம், தரணி வீட்டு வாசலை ஒட்டி, பார்வைக்காக ஒரு பாவை நீட்டிக் கட்டியிருந்தார்கள். கிளிப்பச்சைப் பட்டு. இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் குச்சிகளின்மேல் விறைப்பாக நின்றது. குறுக்கே தாண்டக் கூடாது, தொடக் கூடாது என்று சுமதி நின்று எல்லாரையும் விலக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மாறி, "வந்தீங்களாண்ணா" என்று யாழினியின் தலையைத் தடவினாள். நான் யாழினியை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு எதிர்ப்பக்கம் கூழ் வாங்கப் போனேன். கூட்டம். வாங்கிக்கொண்டு திரும்பினால் யாழினி இல்லை. சுமதியும் வேறு யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள். பிள்ளையைக் காணோம் என்றால் என்ன ஆகும் என்று பெற்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கூழ் டம்ளரைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன்.

பாவின் கடைசி முனையில், தரணி வீட்டுப் படிக்குக் கீழே, சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். பாவு அவள் கண் மட்டத்துக்கு இருந்தது. நான் கத்தினது அவள் காதில் விழவில்லை. அறுந்து தொங்கிய இழைகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஒட்டி, முறுக்கி விட்டுக்கொண்டிருந்தாள். இதுவரைக்கும் தறியைப் பக்கத்தில் பார்த்தறியாத பிள்ளை. சோறு தின்பதிலிருந்து எழுதுவது வரைக்கும் வலதுகைக்காரி. முறுக்கியது இடது கையால். விரல் நுனியெல்லாம் சாம்பல். நடுநடுவே தலையை நிமிர்த்தி, பாவுக்கு அந்தப் பக்கம் பார்த்து மெதுவாக "ம்" கொட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் சுவர்தான் இருந்தது.

நான் போய்த் தூக்குவதற்குள் தரணி வந்துவிட்டான்.

"ஏய், யார் வூட்டுக் கொயந்த இது? பாவுல கைய வெச்சிகினு கீது!"

யார் வீட்டுக் குழந்தை என்று தெரிந்தேதான் கேட்டான். குனிந்து, அவள் முறுக்கின இழைகளைச் சோதிப்பது மாதிரி விரலில் எடுத்தான். எடுத்தவன் அப்படியே நின்றுவிட்டான். ஒன்றைப் பார்த்தான், அடுத்ததைப் பார்த்தான், நகத்தால் நெருடிப் பார்த்தான். அவன் முகத்தில் இருந்த கோபம் போய் வேறு ஒன்று வந்தது. பிறகு யாருக்கோ சொல்வது போல, "எதிர்முறுக்கு" என்றான்.

"யாரும்மா உனக்கு இத்த கத்துக் குட்த்தது?" என்று கேட்டான்.

"அந்தப் பக்கம் உக்காந்துகினு இருந்தாங்களே, அவங்கதான்" என்றாள் யாழினி. "வெயில் நூல் மேல பளபளன்னு அடிச்சுச்சா, மூஞ்சி தெரியல. கைதான் தெரிஞ்சுது. சாம்பல் அவங்கதான் வெச்சு வுட்டாங்க."

சுமதியும் ஓடி வந்திருந்தாள். "அந்தாண்ட யாரும் இல்லீங்களே. பாப்பா தனியாதான் பேசிகினு இருந்துச்சு. அதுவும் சும்மா பார்வைக்கு நீட்டி வெச்ச பாவு, சாம்பலே எடுத்தாரலியே நாங்க" என்றாள்.

மனிதனாக இருந்தால் அந்த இடத்தில் உட்கார்ந்து அழுதிருப்பான். நானும் ஒரு கணம் அதைத்தான் எதிர்பார்த்தேன், அவன் கண் கலங்கியது, அதையும் பார்த்தேன். ஆனால் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது, கமிட்டிக்காரர்கள், சொந்தக்காரர்கள், இன்னா தரணி, யாரு பாப்பா என்று கேள்வி. தரணி இடுப்பிலிருந்த சின்னக் கத்தரியை எடுத்தான். யாழினி முறுக்கியிருந்த இழைகளையெல்லாம் சேர்த்துப் பிடித்து, நறுக்கென்று வெட்டினான். அப்பன் செய்ததையே பிள்ளையும் செய்தான்.

யாழினி ஓவென்று அழுதாள். எனக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது.

"கோடிதான் போடல. மடிதான் குடுக்கல. அவ முடிச்சத இன்னும் எத்தினி வாட்டிங்க அறுப்பீங்க? செத்தவளகூட வுட மாட்டீங்களா?"

"கொயந்தய இட்டுகினு கிளம்புயா. விழா நடக்குது, பேஜார் பண்ணாத" என்றான் தரணி, என் முகத்தைப் பார்க்காமல். மேடையில் மைக்கைப் பிடித்தவர் சிறந்த குடும்பத்துக்குப் பரிசு உண்டு என்று அறிவித்துக்கொண்டிருந்தார். வெட்டின பச்சை இழைகள் அவன் செருப்புக் காலடியில் கிடந்தன.

வீட்டுக்கு வந்து யாழினியின் முகத்தைக் கழுவினேன், சாம்பல் விரலைக் கழுவினேன். அழுது அழுது சடை கலைந்திருந்தது. பின்னிவிடலாம் என்று முடியை ஒதுக்கினால் இடது காதில் ஒரு நூல். மடலில் ஓட்டை போட்டு, வளையமாகக் கோத்து, முனை இரண்டையும் சேர்த்து முறுக்கியிருந்தது. ரத்தம் இல்லை, வீக்கம் இல்லை, சிவப்புக்கூட இல்லை. பட்டு இழை. நிறம் பச்சை இல்லை. அரக்கு.

யாராவது பெண் கூட்டத்தில் விளையாட்டாக ஒட்டிவிட்டிருப்பாள் என்று இழுத்துப் பார்த்தேன், உள்ளே ஓடியிருந்தது. போனில் காலையில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், பேனருக்குக் கீழே நிற்கிறாள், அதே காது, வெறுங்காது. தெரு முனை மருந்துக்கடைக்காரரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிப் பார்த்துவிட்டு, "இது குத்தி வருஷக்கணக்குல ஆன ஓட்டை சார். நல்லா ஆறிப்போயிருக்கு. இன்னா பயம்?" என்றார்.

"வலிச்சுதாடா?" என்று யாழினியைக் கேட்டேன்.

"இல்லப்பா. கண்ண மூடிக்கச் சொன்னாங்க, மூடிகினேன். மடியில சாச்சுகினாங்க, அவ்ளோதான்."

உங்களுக்கு எப்படியோ, எனக்கு அப்போது பயம் வரவில்லை, வயிற்றெரிச்சல்தான் வந்தது. இத்தனை வருஷம் நான் தனியாகப் படுத்துக் கிடந்த வீட்டுக்கு அவள் ஒரு நாள் வந்ததில்லை. ஒரு கனவுகூட இல்லை. கோடி போடாத அந்த வீட்டு வாசலில், நான் உட்கார முடியாத அந்தத் தெருவில்தான் போய் உட்கார்ந்திருந்திருக்கிறாள், அண்ணன் வருவான் என்று. நான் கூழ் வாங்கத் திரும்பிய நேரம் பார்த்துப் பிள்ளையைக் கூப்பிட்டிருக்கிறாள். எனக்குக் கையைக்கூடக் காட்டவில்லை. பைத்தியக்காரன் பேச்சு மாதிரி இருக்கும் உங்களுக்கு. இருந்துவிட்டுப் போகட்டும்.

மாசி பிறந்து தரணி என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தான். தனியாக, கையில் தட்டு, தட்டில் பழம், பூ, புதுப் பாவாடை, ஒரு சின்ன டப்பாவில் தங்கத் தோடு. இளைத்துப்போயிருந்தான். வாசலில் நின்றுகொண்டே, "மாப்ள" என்றான். என்னை அவன் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. உள்ளே வரச் சொன்னேன், வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

"அந்தப் பச்சப் பாவத் தறியில ஏத்தினேன் மாப்ள. நெய்ய நெய்ய நடுவுல ஒரு அரக்கு எழ ஓடுது. உருவிப் போட்டா மறுநாள் காலைல திரும்ப நிக்குது. பொம்பளைங்க பிணைச்சத எல்லாம் பாத்தா எதிர்முறுக்கா கீது. அந்த அரக்கு எங்க வூட்ல இப்ப இல்ல, அத்த அடுப்புல போட்டவனே நான்தான். ராத்திரியில தூக்கம் இல்ல. கொயந்தயக் கூப்டு, ஜல்தியா நம்ம கோயில்ல வெச்சுக் காது குத்திடலாம். நானே மடியில உக்கார வெச்சுக்கறேன்."

இந்த வார்த்தைக்காகத்தான் மேகலா சாகிற வரைக்கும் காத்திருந்தாள். நானும் காத்திருந்தேன். ஆனால் பாருங்கள், பாசத்தில் வர வேண்டிய மடி பயத்தில் வந்திருக்கிறது. தங்கச்சி செத்தபோது வராதவன் தறி கெட்டபோது வந்துவிட்டான். போடா வெளியே என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது, பிள்ளையின் ஆசையாயிற்றே என்று அடக்கிக்கொண்டு யாழினியைக் கூப்பிட்டேன். இவர்தான் உன் மாமா என்றேன். அவள் வந்து நின்று அவனைப் பார்த்தாள், கற்கண்டுக்காரன் என்று தெரிந்துகொண்டாள் போல. தரணி அவள் காதில் இருந்த நூலைப் பார்த்துவிட்டு எழுந்தே விட்டான். நிறத்தைப் பார்த்தான், முறுக்கைப் பார்த்தான், தொடவில்லை.

"வா சாமி, மாமா மடியில உக்காரு. இன்னொரு காதுக்கு மாமா தோடு போட்டு வுடறேன்."

"வேணாம்" என்றாள் யாழினி. கோபமாகச் சொல்லவில்லை, பள்ளிக்கூடத்தில் டீச்சருக்குப் பதில் சொல்வது மாதிரி சொன்னாள். "இன்னொண்ணு அவங்களே வந்து போட்டு வுடறேன்னு சொல்லிகிறாங்க. அதுவரிக்கும் யாரையும் தொட வுடாதன்னாங்க."

தரணி தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு வரவில்லை, அந்தத் தறியைப் பிரித்து மேலே பரணில் போட்டுவிட்டதாகச் சுமதி சொன்னாள். தோடு டப்பா என் பீரோவில் இருக்கிறது, அவன் கேட்டால் கொடுத்துவிடுவேன்.

நான் இன்னும் கோயிலுக்குப் போவதில்லை. பேய் உண்டா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். யாழினியின் இடது காதில் அந்த இழை அப்படியே இருக்கிறது, எத்தனை முறை எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டியும் நைந்து போகவில்லை. அதை வெட்டிவிடலாம் என்று ஒரு தடவை கத்தரியைக் கையில் எடுத்தேன், தரணி வெட்டினது ஞாபகம் வந்தது, வைத்துவிட்டேன். வலது காது இன்னும் வெறுங்காதுதான். ஆனால் சில நாள் காலையில் தலை சீவ உட்கார வைக்கும்போது அந்த வலது மடலில், ஓட்டை வர வேண்டிய இடத்தில், விரல் வைத்து அழுத்தின மாதிரி கொஞ்சம் சாம்பல் ஒட்டியிருக்கிறது. எங்கள் வீட்டில் கேஸ் அடுப்புதான், சாம்பல் ஏது. நான் துண்டால் துடைத்துவிட்டுச் சடை பின்னுகிறேன்.